செண்பகவல்லியின் சுறா

சிரிக்கா. சுவருக்கு அந்தப் பக்கம், இயக்குநர் அறையில உக்காந்துகிட்டு, எனக்குக் கேக்கணும்னே சிரிக்கா. இல்ல, எனக்குக் கேக்கணும்னெல்லாம் இருக்காது, நான் ஒருத்தி இங்கன இருக்கிறதே அவளுக்கு ஞாபகம் இருக்காது, அதுதான் இன்னும் எரியுது. நாளைக்குப் பத்திரிகைக்காரங்க வாராங்களாம், எதைக் கேட்டா எதைச் சொல்லணும்னு சார் சொல்லிக் குடுக்காராம். புதுச் சுறா கண்டுபிடிச்ச செண்பகவல்லி. நல்லா இருக்கு, பேரைச் சொல்லும்போதே கோயில் மணி அடிக்கிற மாதிரி இருக்கு. அவளுக்கு எட்டு வருஷம் மூத்தவ நான், ஜெனோவா, இந்த ஃபார்மலின் நாத்தத்துக்குள்ள கையுறையை மாட்டிகிட்டு, அவ சுறாவோட மூக்கு நுனியிலேருந்து கண்ணு வரைக்கும் எத்தனை மில்லிமீட்டர்னு அளந்துகிட்டுக் கெடக்கேன். எங்க ஆய்வுக்கூடத்துல ஒரு வழக்கம் இருக்கு. புது இனம்னு ஒருத்தர் சொன்னா, சேதி வெளிய போறதுக்கு முன்னால, அதே பிரிவுல இன்னொருத்தர் முதல்லேருந்து எல்லாத்தையும் தன் கையால அளந்து சரின்னு சொல்லணும். ரெண்டாம் கைன்னு பேரு. சுறாப் பிரிவுல இருக்கிறதே நாங்க ரெண்டு பேரு. அவ முதக் கைன்னா ரெண்டாம் கை வேற யாரு, இந்தப் பாவிதான். “எக்கா, சாயங்காலத்துக்குள்ள பாத்துச் சொல்லிருவீங்கல்லா”ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டுட்டுப் போனா. கையைப் பிடிச்சுக்கிட்டு! அந்தக் கை எவ்வளவு சூடா, மெத்துனு இருந்துதுன்னு எனக்கு எதுக்கு இப்ப ஞாபகம் வரணும்.

சரி, வேலையைப் பாப்போம். இடதுபக்கத் தட்டுல பழைய முள் சுறா, நான் சர்வீஸ்ல சேந்த நாளா பாத்துகிட்டு வார சுறா. வலதுபக்கம் அவ கொண்டாந்ததுல ஒண்ணு, குளச்சல் படகுக்காரரு ஃபார்மலின் பீப்பாயில மொத்தமாப் போட்டு அனுப்புனது, சின்னது. ரெண்டும் நாய்ச்சுறா வகை. முதுகுல ரெண்டு துடுப்பு, ஒவ்வொரு துடுப்புக்கும் முன்னால ஒரு முள்ளு, வாலுக்குக் கிட்ட அடியில இருக்க வேண்டிய துடுப்பு மட்டும் கிடையாது. நாய்னு பேரு வெச்சவன் எவனோ, கூட்டமாச் சேந்து வேட்டைக்குப் போவுதுன்னு வெச்சிருக்கான். இதுக்கு நாய் மூஞ்சியும் கிடையாது, நாய்க்குணமும் கிடையாது. வெளிச்சமே எட்டாத ஆழத்துல கெடந்து, வருஷக்கணக்கா ஒத்தைக் குட்டியை வயித்துல சுமந்துகிட்டு, அதுபாட்டுக்கு இருக்கிற பிராணி. ஈரலுக்காகப் பிடிக்கான், எண்ணெய் எடுக்கான். உயிரோட வரும்போது அதோட கண்ணைப் பாக்கணும், அப்படி ஒரு பச்சை. மாதாவே, முதத் தடவை துறைமுகத்துல பாத்தப்ப மீனைக் கீழ வைக்கவே மனசு வரல. ஃபார்மலின்ல போட்டுட்டா அந்தப் பச்சை எங்க போவுமோ, வெந்த முட்டை மாதிரி வெளுத்து முழிச்சுகிட்டு நிக்கும். இப்ப ரெண்டும் அப்படித்தான் என்னைப் பாத்து முழிக்குது. பெருசோட கண்ணை அளந்தாச்சு, சின்னதோட கண்ணை அளந்தாச்சு. உடம்பு நீளத்துக்குப் பாத்தா சின்னதுக்குத்தான் கண்ணு பெருசு. செண்பாவும் அதைத்தான் சொல்லிருக்கா: கண்ணு பெருசு, முள்ளு நீளம், தோல் சொரசொரப்பு வேற மாதிரி, அதனால இது வேற இனம். கண்ணு பெருசு, அழகு, வேற. என்னமோ அவளையே அளந்து எழுதிகிட்ட மாதிரி இருக்கு.

இந்த அளந்து பாக்கிற வேலை எனக்கு எம்.எஸ்ஸி.ல வந்தது இல்ல. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் என்னையும் என் தங்கச்சி பியூலாவையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தி வெச்சு அளப்பாளுவ. மூத்தவளுக்கு நெத்தி ஏறிப் போச்சு, இளையவளுக்கு மூக்கு எடுப்பா இருக்கு, மூத்தவ அப்பா நிறம், இளையவ யாரு நிறமோ தெரியல, ஒரு வயித்துப் பிள்ளையளா இதுவ? சாப்பாட்டுப் பந்தி முடியிற வரைக்கும் அளப்பாளுவ, நான் தலையைக் குனிஞ்சு என் செருப்பைப் பாத்துகிட்டு நிப்பேன், பியூலா நிமிந்து நின்னு சிரிப்பா. அவ இப்ப மஸ்கட்ல நல்லாத்தான் இருக்கா. அவமேல எனக்குக் கோவம் ஒண்ணும் கிடையாது. ஒண்ணும் கிடையாதுன்னா, போன்ல பேசி வெச்சப்புறம் கொஞ்ச நேரம் ஒரு மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அதை விடு. பியூலாவுக்குச் சுறா தெரியாது, அந்த மட்டும் எனக்கு நிம்மதியா ஒரு இடம் இருந்துது. அங்கனயும் வந்து உக்காந்துட்டாளே இந்தப் பாதகத்தி, கோவில்பட்டியிலேருந்து பஸ் ஏறி, கடலையே காலேஜுல சேந்தப்புறம்தான் பாத்தாளாம், கடலுக்குள்ளயே பொறந்து வளந்தவ நான் இருக்கும்போது.

துறைமுகத்துல நான் போய் நின்னு, “அண்ணே, முள் சுறா வந்தா ஒண்ணு எடுத்து வைங்க”ன்னா, “வித்தாச்சே மேடம்”னு வலையைப் பாத்துகிட்டே சொல்லுவான். என் சாதிசனம், என் தெருக்காரன்! இவ போய் நின்னா, “செண்பாக்கா, உனக்குன்னு ஐஸ்ல வெச்சிருக்கேன்”னு ஓடி வாரான். எப்படித்தான் வளைக்காளோ. வளைக்கவும் செய்யலை, அதுதான் நெஞ்சு பொறுக்கல. போவா, மீனைப் பாப்பா, “அய்யோ எவ்வளவு அழகா இருக்கு”ன்னு சின்னப்பிள்ளை மாதிரி கத்துவா, மீன் நாத்தம் பிடிச்ச கையாலயே நெத்தி முடியை ஒதுக்கிக்குவா, டீ வாங்கிக் குடிச்சிட்டு எல்லாரு வீட்டுச் சங்கதியும் கேப்பா. நானும் ஒருநாள் அப்படிச் செஞ்சு பாத்தேன், பெரிய மகளுக்குப் பரீட்சை எப்படின்னு ஒருத்தன்கிட்ட கேட்டேன், அவன் பயந்து போய், “ஏன் மேடம், என்னாச்சு?”ன்னான். எனக்கு அது வரல. வராதது வராது. இப்பப் பாரு, கண்ணு எரியுது, தண்ணி வடியுது. ஃபார்மலின்தான். கையுறை போட்ட கையால தொடைக்கவும் முடியாது, தோள்பட்டையில தேய்ச்சுக்கிடணும். நல்லா வடியட்டும். இந்தச் சுறாவுக்கு இயக்குநர் பேரையே வைக்கப் போறாளாம், சமர்த்து. யாரும் கேக்காமயே நான் எதுக்கு இதையெல்லாம் நினைக்கேன். தோலைப் பாரு ஜெனோவா, தோலைப் பாரு.

தோல்ல ஒரு துண்டு எடுத்து மைக்ராஸ்கோப்புல வெச்சாச்சு. சுறாத் தோல்ல செதில் கிடையாது, பல்லு மாதிரி துணுக்கு துணுக்கா இருக்கும். பெருசோட தோல்ல தரையோடு தரையா ஓடு பதிச்ச மாதிரி இருக்கு. சின்னதுல காம்பு வெச்ச இலை மாதிரி எழும்பி நிக்குது. வேறதான், சந்தேகமே இல்ல, ஒரு பார்வையிலேயே வேற. அப்ப அவ சொன்னது சரி. சரின்னு எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போய் மீன்கொழம்பு வை. ஆனா ஒரு நிமிஷம். இலை மாதிரி துணுக்கு. இதே இலையை எங்கயோ பாத்திருக்கேன், எங்க, எங்க, செண்பா சேருறதுக்கு முந்தி, ஒரு சினைச்சுறாவோட வயித்தைக் கீறுனப்ப, உள்ள இருந்துதே, பொறக்கப் போற குட்டி, அதோட தோலை ஆசைக்கு எடுத்துப் பாத்தேன், இப்படித்தான் காம்பும் இலையுமா இருந்துது. குட்டித் தோலு. குட்டிக்கு இலை, வளர வளர ஓடு. அய்யய்யோ. கண்ணு பெருசு, எந்தக் குட்டிக்கு உடம்பைப் பாக்கக் கண்ணு பெருசா இல்ல, மனுசக் குட்டிக்கும் அப்படித்தானே. முள்ளு நீளம், உடம்பு வளரும், முள்ளு அந்த அளவுக்கு வளராது. இது புது இனம் இல்ல. இது பழைய சுறாவோட குட்டி. மாதாவே, மாதாவே. சந்தோசம். பொய் சொல்லக் கூடாது, சந்தோசம்தான், வயித்துல பால் வார்த்த மாதிரி.

அதுக்குள்ள ஆடாத. அவ என்ன முட்டாளா? குட்டியா இருக்குமோன்னு யோசிக்காமயா இருந்திருப்பா? அவ எழுதுனதுல அதுக்கும் பதில் இருக்கு: எல்லாம் ஆம்பிளை, எல்லாத்துக்கும் கிளாஸ்பர் கெட்டியா இருக்கு, அதனால வளந்ததுவதான், ஆனா உருவம் சின்னது, ஆகவே புது இனம். கிளாஸ்பர்னா ஆண் சுறாவுக்கு வயித்துத் துடுப்போரமா ரெண்டு குச்சி மாதிரி நீட்டிகிட்டு இருக்கும், இணை சேருறதுக்கு. குட்டிக்கு அது வெள்ளரிப்பிஞ்சு மாதிரி வளையும். வயசுக்கு வந்துட்டா உள்ள சுண்ணாம்பு ஏறி விறைச்சுப் போவும். கையால வளைச்சுப் பாத்தே சொல்லிரலாம். நாங்க ரெண்டு பொம்பளைங்களும் துறைமுகத்துல குத்தவெச்சு ஒவ்வொண்ணா வளைச்சு வளைச்சுப் பாக்கிறப்ப சுத்தி நிக்கிற ஆம்பிளைங்க மூஞ்சியைப் பாக்கணுமே, செண்பா வேற, “இவருக்கு இன்னும் வயசாகல”ன்னு சத்தமாச் சொல்லித் தொலைப்பா. நானும் சிரிச்சிருக்கேன். சரி, வளைச்சுப் பாரு. வளையல. அடுத்தது, வளையல. அதுக்கடுத்தது, கம்பி மாதிரி நிக்குது. போச்சு. அவ சொன்னதுதான் சரி. எந்திரிச்சுப் போய்க் கையைக் கழுவு. ஆனா வாலு? வாலை வளைச்சா வாலும் வளையல. மார்த்துடுப்பைப் பிடிச்சு மடக்கினா அதுவும் மடங்கல. ஏட்டி, ஃபார்மலின்ல கெடந்தா எது வளையும்? செத்த பாம்பே கம்பாப் போயிருமே! இதுவ குளச்சல்லேருந்தே பீப்பாய்க்குள்ள ஊறிகிட்டு வந்ததுவ, செண்பா கைக்கு வரும்போதே விறைச்சுத்தான் வந்திருக்கும். பச்சை மீன்ல பாக்க வேண்டிய சோதனையை ஊறுன மீன்ல பாத்திருக்கா. கத்தி எங்க. கத்தி.

வெட்டிட்டேன். குறுக்க வெச்சு அழுத்துனேன், சறுக்குனு போயிருச்சு, உள்ள ஒரு துளி சுண்ணாம்பு இல்ல, பிஞ்சு. அலமாரியிலேருந்து பழைய பெரிய ஆண் சுறாவை இறக்கி அதையும் வெட்டுனேன், பாதியில கத்தி கறக்குனு நின்னுது, அரத்தால ராவுற சத்தம். அதுவும் ஊறுனதுதான், இதைவிட எத்தனையோ வருஷமா ஊறுனது. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்? ஆனாலும் இன்னொண்ணு வெட்டுனேன். அப்புறம் இன்னொண்ணு. ஏன் வெட்டுதேன்னு எனக்கே பயமாப் போச்சு. பாக்கிறது என் கண்ணா, என் வயித்தெரிச்சலா? காலையிலேருந்து இது பொய்யாப் போகணும், பொய்யாப் போகணும்னுதானே நேந்துகிட்டு உக்காந்திருக்கேன். வேண்டுனது வேண்டுன மாதிரியே வந்து கையில நின்னா, அதை எப்படி நம்ப? பியூலாவுக்கு முதப்பிள்ளை தங்காமப் போனப்ப, ஆசுபத்திரி வராந்தாவுல என் நெஞ்சுக்குள்ள ஓடுனது என்னன்னு எனக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும். அப்படிப்பட்ட நெஞ்சு சொல்லுதுன்னு ஒரு சுறாவைக் குட்டின்னு நம்பலாமா? திரும்ப மைக்ராஸ்கோப்புல கண்ணை வெச்சேன். இலை. திரும்பக் கத்தியை எடுத்தேன். பிஞ்சு. கண்ணும் கத்தியும் ஒண்ணைத்தான் சொல்லுது. நான் கெட்டவளாவே இருந்துட்டுப் போறேன், இது குட்டிதான்.

இப்ப என்ன செய்யப் போற, சொல்லு. உண்மையைச் சொன்னா, இந்தக் கட்டடத்துல வாட்ச்மேன் வரைக்கும் சொல்லுவான், ஜெனோவா மேடத்துக்குப் பொறாமை, கட்டையைப் போட்டுட்டாங்கன்னு. சார் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுகிட்டு, “இன்னொரு தடவை பாருங்களேன்”னு மெதுவாச் சொல்லுவாரு, அந்த மெதுவுலேயே தெரியும் அவரு என்னை என்னன்னு நினைக்காருன்னு. அவ அழுவா. அழுதா எல்லாரும் அவளைச் சுத்தி நிப்பாங்க, நான் கத்தியும் கையுமா இங்கன நிப்பேன். சொல்லாம விட்டா? விட்டா என்ன? சரியா இருக்கு செண்பா, அனுப்பு, வாழ்த்துகள்னு சொல்லிட்டா? நாளைக்குப் படம் பிடிப்பாங்க, பேப்பர்ல போடுவாங்க. அப்புறம் வெளிநாட்டுலேருந்து எவனாவது ஒருத்தன், இந்தச் சுறாவையே கரைச்சுக் குடிச்சவன், ரெண்டு வரியில எழுதுவான்: அம்மணி, இது குட்டி. அன்னைக்குத் தெரியும் சங்கதி. துறைமுகத்துலேருந்து கேன்டீன் வரைக்கும் முகத்துல கரியோட நடப்பா. அப்ப நான் கிட்டப் போய்த் தோளைத் தொட்டு, “விடு செண்பா, எல்லாருக்கும் நடக்கிறதுதான்”னு சொல்லுவேன். சொல்லுதேன், இப்பவே சொல்லிப் பாக்கேன், எவ்வளவு நல்லா வருது குரல்! எவ்வளவு இனிப்பா இருக்கு! என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது, ரெண்டாம் கையும் ஏமாந்து போச்சுன்னு பரிதாபப்படுவாங்க, அவ்வளவுதான். இவ்வளவு நாளும் பொறாமைன்னா ஒருத்தியைக் கீழ தள்ளுறதுன்னு நினைச்சுகிட்டு இருந்தேன். இல்லை போல, பேசாம மேல ஏத்திவிட்டாலே போதும்.

கதவு. வாரா. செருப்புச் சத்தமே துள்ளுது. கையில ரெண்டு டீ, ஒண்ணு எனக்கு.

“எக்கா, முடிஞ்சுதா? சாரு என்னை வறுத்து எடுத்துட்டாரு. பேட்டியை ‘கடல்’னு ஆரம்பிம்மா, கடல்னு ஆரம்பிம்மான்னு. முகமெல்லாம் ஏன் இப்படிச் சிவந்திருக்கு? ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிடக் கூடாதா நீங்க?”

ஜன்னலை அவளே திறந்தா. உப்புக் காத்து வந்து முகத்துல மோதுச்சு. நான் சொல்லணும். நாக்குல இனிப்பா வெச்சிருந்தது அப்படியே இருக்கு, வாயைத் திறந்தா வந்துரும். “செண்பா,”ன்னேன். “சரியா...”ன்னேன். அவ முகம் அந்த அரைச் சொல்லுக்கே மலர்ந்துது. அப்படி மலர்ந்த முகத்தைப் பாத்தா யாருக்கும் மனசு இளகும்னு சொல்லுவாங்க, எனக்கு இளகலை, எரிஞ்சுது, எரிச்சல்லதான் சொன்னேன், நல்ல எண்ணத்துல சொல்லலை. இவ்வளவு சந்தோசமா ஒருத்தி இன்னும் ஒரு நிமிஷம் இருக்கிறதை என்னால பாக்க முடியலை.

“சரியாப் பாக்காமப் போயிட்டியேட்டி. இது குட்டி. பழைய சுறாவோட குட்டி. ஃபார்மலின்ல ஊறுன கிளாஸ்பரை வளைச்சுப் பாத்திருக்க.”

டீயை வெச்சா. கையுறைகூடப் போடாம கத்தியை எடுத்து, முழுசா இருந்த ஒண்ணைத் தானே வெட்டுனா. பாத்தா. பெருசை எடுத்து, நான் வெட்டுன இடத்துல நகத்தால சுரண்டிப் பாத்தா. மைக்ராஸ்கோப்புல குனிஞ்சா, குனிஞ்சவ நிமிரலை. அழட்டும்னு காத்துகிட்டு நின்னேன். நான் சொல்லுததை நம்ப மாட்டா, இவளுக்கு என்மேல என்னமோன்னு நினைப்பா, நினைக்கட்டும், எல்லாத்துக்கும் தயாராத்தான் நின்னேன்.

“அட மூதேவி”ன்னா. என்னையாக்கும்னு திடுக்கிட்டேன். தன்னைத்தான் சொல்லிகிட்டா. நெத்தியில சட்டுனு அடிச்சுகிட்டு, கண்ணுல தண்ணியோட சிரிச்சா. “வால் வளையுதான்னு பாத்திருந்தாப் போதுமே! எக்கா, நல்லவேளை நீங்க இருந்தீங்க. இது மட்டும் வெளிய போயிருந்தா காறித் துப்பிருப்பானுவ.” அப்படியே ஸ்டூல்ல உக்காந்து என் டீயை எடுத்துக் குடிச்சா. அழுகை அவ்வளவுதான், ஒரு வாய் டீயோட முடிஞ்சு போச்சு. எனக்கா இருந்தா ஒரு வருஷம் ஆகும். தோக்கிறதுகூட அவளுக்கு நல்லா வருது.

குடிச்சுகிட்டே இருந்தவ நிறுத்துனா. டம்ளர் வாய்க்கிட்டயே நின்னுது. வலதுபக்கத் தட்டைப் பாத்தா, பீப்பாயைப் பாத்தா.

“எக்கா. இவ்வளவும் குட்டி.”

“அதைத்தானே சொன்னேன்.”

“இல்லக்கா. இவ்வளவும் குட்டி, ஒரே படகு, ஒரே இடம். இந்தச் சுறாக் குட்டி எங்க வளருதுன்னு யாருக்காவது தெரியுமா? நீங்க எத்தனை வருஷமாப் பாக்கீங்க, வயித்துக்குள்ள இருக்கிறதைத் தவிர ஒரு குட்டியாவது வந்திருக்கா? அந்தக் குளச்சல்காரரு தூண்டில் போட்ட இடம்தான் தொட்டில். அங்க மீன்பிடிக்காம நிறுத்தி வெச்சாலே இந்தச் சாதி பிழைச்சிருமே! புது இனத்தைவிட இது பெருசு இல்லையா?”

பெருசுதான். எவ்வளவோ பெருசு. காலையிலேருந்து இந்தக் குட்டிகளை அளந்து, வெட்டி, கண்ணு எரிய எரிய உத்துப் பாத்தவ நான். புதுசு இல்ல, புதுசு இல்லங்கிறது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்சுது. அவளோடது இல்லைன்னு ஆனதும் என் வேலை முடிஞ்சுட்டு. அவ தன் கைப்பொருள் போன இடத்துல உக்காந்துகிட்டு, அரை டம்ளர் டீ ஆறுறதுக்குள்ள, என்ன இருக்குன்னு பாத்துட்டா. அதுக்கு நான்தான் எடுத்துக் குடுத்திருக்கேன், என் கத்தியால, என் வயித்தெரிச்சலால. ஐயோ, எங்கயாவது போய் முட்டிக்கிடலாம் போல இருந்துது.

“நான் போய் சார்கிட்ட சொல்லிருதேன், நாளைக்கு யாரும் வர வேண்டாம்னு. திட்டட்டும்.” எந்திரிச்சவ கதவுகிட்ட போய் நின்னுட்டுத் திரும்புனா. “எக்கா, இது குட்டின்னு கண்டுபிடிச்சது நீங்க. சேந்தே எழுதுவோம். உங்க பேரை முதல்ல போட்டு...”

இவ போடுற பிச்சை எனக்கு எதுக்குன்னு சொல்லணும். அதெல்லாம் வேண்டாம், நீயே எழுதுன்னு பெரிய மனுசி மாதிரி சொல்லணும். சொல்ல வேண்டியது எல்லாம் தொண்டை வரைக்கும் வந்து வரிசையா நின்னுது. அவ கேட்டு முடிக்கக்கூட இல்லை.

“போடு”ன்னுட்டேன்.